நாற்பது பக்க நோட்டு

சென்ற மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். இடர்ச் சூழலில் வளரும் சிறாருக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்குமான சேவைகளை ஒருங்கிணைப்பது எப்படி என்பது தலைப்பு. பயிற்றுநர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் 'குழந்தை' என்று எழுதியிருந்தது. சுற்றிலும் பள்ளி, காவல் நிலையம், மருத்துவமனை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, இளைஞர் நீதிக் குழுமம், தொண்டு நிறுவனம், உள்ளாட்சி என்று எட்டு வட்டங்கள். எட்டிலிருந்தும் நடுவட்டத்தை நோக்கி அம்புக்குறிகள் பாய்ந்தன. இதே படத்தை வெவ்வேறு நிறங்களில் பத்துப் பன்னிரண்டு முறையாவது பார்த்திருப்பேன்; நானே இரண்டு முறை வரைந்து காட்டியும் இருக்கிறேன். ஆனால் இந்த முறை, அம்புகளைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்களே என்று தோன்றியது. அந்த எட்டு வட்டங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அலைவது நடுவட்டம்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நடுவட்டத்தைப் பெற்றவள்.

இதை அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேநீர் இடைவேளை நெருங்கிவிட்டது என்பது ஒரு காரணம்; சொல்லத் தொடங்கினால் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும், அந்த நோட்டில் என் பெயரும் இருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

சிறிய அறக்கட்டளை ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் களப்பணியாளராக இருக்கிறேன். சென்னையின் தெற்கு விளிம்பில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் ஒன்று என் களம். எது என்று எழுதப்போவதில்லை. சட்டத்தோடு முரண்பட்ட, அதாவது குற்றச்சாட்டுக்கு ஆளான, சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. அதைவிட, நான் எழுதப்போகும் குடும்பத்தின் தாய் என்னிடம் கேட்டுக்கொண்ட விதம் முக்கியம்: "எங்க கதைய எழுதுங்க மேடம், பிளாக் நம்பர மட்டும் எழுதாதீங்க." ஆகவே இடத்தையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஆற்றோரத்தில் இருபது ஆண்டுகள் குடியிருந்த குடும்பம். வீட்டை இடித்த பிறகு, நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அடுக்குமாடியின் ஆறாவது தளத்தில் வீடு கொடுத்தார்கள். கணவர் எப்போதோ விட்டுப் போய்விட்டார். அக்கா (வயதில் எனக்கு மூத்தவர், அப்படித்தான் அழைப்பேன்) பழைய இடத்துக்கு அருகில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். இடம் மாறிய பிறகும் அந்த மூன்று வீடுகளையும் விடவில்லை. விடிவதற்கு முன்பே பேருந்து பிடித்துப் போனார். மூத்தவன் பையன், அடுத்தவள் பெண். பையனைப் பத்தாம் வகுப்பின் நடுவில் பள்ளி மாற்ற வேண்டியதாயிற்று. புதிய பள்ளியில் அரையாண்டுத் தேர்வு வரை போனான், பிறகு நின்றுவிட்டான். தாய் விடியற்காலையில் கிளம்பிப் போய்விடும் வீட்டில், பதினாறு வயதுப் பையனை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப ஒரு தங்கைதான் இருந்தாள். பகலெல்லாம் படிக்கட்டிலும் தண்ணீர்த் தொட்டி அடியிலும் உட்கார்ந்திருந்தான்; உதட்டுக்குள் புகையிலைப் பையை ஒதுக்கப் பழகினான். தன்னைவிடப் பெரியவர்கள் இருவர் வண்டியில் கூப்பிட்டபோது பின்னால் ஏறி உட்கார்ந்தான். அன்று மாலை ஒரு செல்போன் பறிக்கப்பட்டது. வண்டியை ஓட்டியவன் தப்பிவிட்டான்.

சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவனைப் பிணையில் தாயுடன் அனுப்பி, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைத்தது. முதன்முறை முன்னிலைப்படுத்திய நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். எனவே அவர் வீட்டுக்கு வந்தார், எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். மனநல ஆலோசனை வேண்டும் என்று அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார்கள். பள்ளியில் திரும்பச் சேர்க்க ஆசிரியர் பயிற்றுநர் வந்தார். குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் வந்தார். காவல் துறையின் சிறார் மன்றத்தில் கபடி விளையாட வரச் சொல்லி ஒரு காவலர் வந்தார்; அந்தக் காவலர் உண்மையிலேயே நல்ல மனிதர். நாங்களும் போனோம். ஒவ்வொருவரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "என்னம்மா நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லுங்க."

எல்லைகள்

ஒருங்கிணைப்பு ஏன் கடினம் என்று கேட்டால் துறைகளுக்கு இடையே பேச்சில்லை என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதி நிலப்படத்தில் இருக்கிறது. இந்த மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் ஒன்றான கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2000ஆம் ஆண்டிலிருந்து மக்கள் குடியேற்றப்பட்ட இடம். அதற்குச் சில கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கம், அங்கே வரிசை வரிசையாக எட்டு மாடிக் கட்டடங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி. ஆனால் கண்ணகி நகர் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. பெரும்பாக்கம் ஊராட்சி, செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டமே 2019 நவம்பரில்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. 2022 ஜனவரியில் தாம்பரத்தில் தனிக் காவல் ஆணையரகம் வந்தபோது அதன் எல்லை மாவட்ட எல்லையோடு பொருந்தவில்லை. குழந்தைகள் நலக் குழுவும் பாதுகாப்பு அலகும் மாவட்ட வாரியாக அமைந்தவை. சென்னையில் பிறந்து, சென்னையில் படித்து, சென்னை முகவரியில் ஆதார் வைத்திருக்கும் பையன் வேறு மாவட்டத்தில் தூங்கி எழுந்து, மூன்றாவதாக ஒரு காவல் எல்லையில் பிடிபட்டால் அவனுடைய தாள்கள் எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கவே வாரங்கள் ஆகும்.

இந்தக் குடும்பத்துக்கும் அதுதான் நேர்ந்தது. பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஓர் இடத்தில், குடும்ப அட்டை ஓர் இடத்தில், வழக்கு ஓர் இடத்தில், வீடு ஓர் இடத்தில். எந்த அலுவலரும் மற்றோர் அலுவலகத்துக்குப் போய் ஒரு தாளை வாங்கி வரவில்லை. அப்படிப் போவது அவர்களுடைய வேலையாக எங்கும் எழுதப்படவும் இல்லை. அக்காதான் போனார். 2021இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்திருக்காவிட்டால் அவர் பாதி இடங்களுக்குப் போயிருக்கவே முடியாது என்பது என் கணக்கு. அரசு ஆவணம் எதிலும் அந்தத் திட்டத்தைச் சிறார் பாதுகாப்புச் சேவை என்று குறிப்பிட மாட்டார்கள். நான் பார்த்தவரை, இந்தக் குடும்பத்தின் விஷயத்தில் துறைகளை இணைத்த ஒரே திட்டம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை

நான்கு மாதங்கள் கழித்து ஓர் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடந்தது. கூட்டத்தை ஏற்பாடு செய்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஏழு பேரை ஒரே மேசையில் உட்கார வைப்பது எளிதல்ல. குடும்பத்தையும் அழைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவளும் நான்தான். அக்கா கதவோரம் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகள். பையன் வரவில்லை. ஒவ்வொருவராக அறிக்கை படித்தோம். பரிந்துரை செய்யப்பட்டது, தகவல் தெரிவிக்கப்பட்டது, வீட்டுப் பார்வை மேற்கொள்ளப்பட்டது. எல்லா வினைகளும் செயப்பாட்டில் இருந்தன, எல்லாமே முடிந்திருந்தன. அப்போது ஒருவர், கடிந்துகொள்ளும் எண்ணமில்லாமல், சற்றே சலிப்போடுதான் கேட்டார்: "ஏம்மா, ஆஸ்பத்திரிக்கு மூணு தடவ தேதி குடுத்தும் வரலன்னு போட்டிருக்கே? நாங்க இவ்வளவு பண்ணியும் நீங்க ஒத்துழைக்கலன்னா எப்படி?"

அக்கா பதில் சொல்லவில்லை. மகளைப் பார்த்தார். அவள் பள்ளிப் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். அட்டையில் அண்ணன் பெயரை எழுதி, அடிக்கோடு போட்டிருந்தாள். தமிழ்ப் பாடம் ஒப்பிப்பது போல எழுந்து நின்று படிக்கத் தொடங்கினாள். "செவ்வாய். ஆஸ்பத்திரி, பத்து மணி, சீட்டு எடுத்துட்டுப் போகணும். செவ்வாய். கோர்ட்டு, பத்தரை மணி, அம்மா ஆதார். செவ்வாய். ஸ்கூல்ல ஹெச்.எம். பாக்கணும்." மூன்றும் ஒரே செவ்வாய். குழுமத்தின் அமர்வுக்கு வராவிட்டால் பிணைக்கு ஆபத்து என்பதால் அங்கே போயிருக்கிறார்கள்; மருத்துவமனைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று ஏறியிருக்கிறது. அடுத்த தேதியும் அப்படியே. அவள் பக்கத்தைத் திருப்பினாள். "வியாழன். டிரஸ்ட் மேடம் மூணு மணிக்கு வீட்டுக்கு வர்றாங்க. அம்மா வேலைக்குப் போகக் கூடாது." அதற்குக் கீழே, வேறு மையில்: "வரல."

அந்த மேடம் நான்தான். அந்த வியாழக்கிழமை எனக்கு என்ன வேலை இருந்தது என்று இன்று வரை நினைவுக்கு வரவில்லை. ஏதோ அவசரம் இருந்திருக்கும். தொலைபேசியில் சொல்ல மறந்திருப்பேன். அவருக்கு அது ஒரு நாள் கூலி. மூன்று வீடுகளில் ஒரு வீட்டில், அடிக்கடி விடுப்பு எடுக்கிறாள் என்று வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதையும் அவராகச் சொல்லவில்லை, நோட்டில் இருந்தது: "அடையாறு வீடு இனி இல்ல."

கூட்டத்தில் ஒரு சங்கடமான அமைதி. பிறகு வழக்கம் போல எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், தேதிகளை முன்கூட்டிப் பகிர்ந்துகொள்ள வாட்ஸ்அப் குழு தொடங்குவதென்று முடிவானது. (தொடங்கினோம். முதல் வாரம் தேதிகள் வந்தன, இரண்டாம் வாரத்திலிருந்து காலை வணக்கப் படங்கள் வந்தன.) என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்தது. படியிறங்கும்போது அந்தப் பெண்ணிடம், பேச்சுக்குத்தான், "இன்னிக்கு ஸ்கூல் இல்லியா பாப்பா?" என்று கேட்டேன். "இருக்கு மிஸ். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுல்ல, அதான் நான் கூட வருவேன்," என்றாள்.

மறுநாள் அவளுடைய வகுப்பாசிரியையைப் பார்த்தேன். அவள் ஏழாம் வகுப்பு. வருகைப் பதிவில் கடந்த நான்கு மாதங்களில் பதினான்கு நாட்கள் இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை, ஏன் இப்படி நிற்கிறாள் என்று தெரியவில்லை, இடைநிற்க வாய்ப்புள்ளோர் பட்டியலில் சேர்க்கலாமா என்று யோசிப்பதாக அந்த ஆசிரியை சொன்னார். நோட்டை வாங்கி, தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். பதினான்கில் பதினொன்று பொருந்தின. அந்தப் பதினொன்றில் மூன்று என் பெயருக்கு நேராக இருந்தன. அண்ணனைக் காப்பாற்ற ஏழு பேர் கூடிச் செய்த ஏற்பாடு, தங்கையைப் பள்ளியிலிருந்து மெல்ல வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர்கூட அவளைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவள் பெயரில் கோப்பு இல்லை. எங்கள் ஒருங்கிணைப்பாளர் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்தாள். சம்பளமில்லை, போக்குவரத்துப் படியில்லை.

முந்திக்கொண்டு வரும் கதை

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்று உண்டு: ஒரே கோப்பு. குடும்பம் ஒருமுறை சொன்னால் போதும், எல்லாத் துறைகளும் ஒரே பதிவைப் பார்க்கட்டும். நானும் அதைத்தான் முதலில் செய்ய நினைத்தேன். இரண்டு பக்கத்தில் பையனின் வரலாற்றை எழுதி, அக்காவின் ஒப்புதல் கைநாட்டு வாங்கி, எல்லோருக்கும் படி எடுத்துக் கொடுத்தேன். பையனிடம் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் அவன் என்னைத் தேடி வந்தான். அதுவரை தானாக வந்ததே இல்லை. "மிஸ், நான் எங்க போனாலும் எனக்கு முன்னாடியே என் கதை போய் உக்காந்திருக்கு," என்றான். பள்ளியில் மறுபடி சேரப் போன இடத்தில் தலைமையாசிரியர் மேசை மேல் அந்த இரண்டு பக்கம் இருந்திருக்கிறது. அவர் எதுவும் சொல்லவில்லையாம், பார்த்த பார்வைதான் மாறியிருந்ததாம். அன்று சேராமலேயே திரும்பிவிட்டான்.

அவன் சொன்னதில் சட்டமும் அவன் பக்கம்தான். இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பதினாறு கோட்பாடுகளை வகுத்திருக்கிறது. அந்தரங்கத்தைக் காப்பதும், புதிதாகத் தொடங்க வாய்ப்பளிப்பதும் அவற்றில் உண்டு. முதல் வாக்கியத்திலேயே 'செல்போன் பறிப்பு' என்று இருக்கும் தாளைக் கையில் கொடுத்து ஒருவனைப் பள்ளிக்கு அனுப்புவது எந்த வகையில் புதிய தொடக்கம்? மருத்துவருக்குத் தெரிய வேண்டியது காவலருக்குத் தெரியத் தேவையில்லை. காவலருக்குத் தெரிந்தது கபடி மைதானத்துக்கு வரத் தேவையில்லை. அந்த ஏழு அலுவலகங்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளாததைக் குறையாகவே பார்த்துப் பழகியிருந்த எனக்கு, அதில் ஒரு பகுதி அந்தப் பையனுக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு பக்கத் தாளை ஒவ்வொரு மேசையாகப் போய்த் திரும்ப வாங்கினேன். ஏழில் ஐந்துதான் கிடைத்தன.

ஆகவே இப்போது என் கருத்து இதுதான்: தாள் பொதுவாக இருக்க வேண்டியதில்லை, ஆள் பொதுவாக இருக்க வேண்டும். குடும்பத்தின் சார்பில் நடக்க ஒருவர். தேதி மோதினால் மாற்றச் சொல்லித் தொலைபேசியில் மல்லுக்கட்ட, வரிசையில் நிற்க, எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விடலாம் என்று பையனைக் கேட்டு முடிவு செய்ய ஒருவர். அவர் எந்தத் துறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் பரவாயில்லை; அவருடைய பொறுப்பில் பத்துப் பதினைந்து குடும்பங்களுக்கு மேல் இருக்கக் கூடாது, மாலை ஆறு மணிக்குப் பிறகும் வேலை செய்ய வேண்டும். இது செலவு பிடிக்கும் யோசனை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் செலவை இப்போதும் யாரோ ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்: அடையாறு வீட்டைக் கொடுத்தும், பதினொரு நாள் பள்ளியைக் கொடுத்தும்.

நான் செய்தது மிகக் குறைவு. அந்த நோட்டை நான் வாங்கிக்கொண்டேன். இனி தேதிகளை நான் எழுதுகிறேன், நீ பள்ளிக்குப் போ என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மருத்துவமனையில் பேசிச் செவ்வாயை வெள்ளியாக்கினேன். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு, நான்கு நிமிடம். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்குப் பெண்ணின் பெயரில் விண்ணப்பித்தோம். கணவரால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளை என்பதால் தகுதி உண்டு. நகரக் குடும்பத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 96,000 ரூபாய். மூன்று வீடுகளில் வேலை செய்தபோது அக்காவின் வருமானம் அந்த வரம்பைச் சற்றே தாண்டியிருந்தது. ஒரு வீடு போன பிறகு தாராளமாக உள்ளே வந்துவிட்டார். எங்கள் அலைக்கழிப்பே அவரைத் தகுதியானவராக்கியது என்று சொல்லிச் சிரித்தவர் அக்காதான். என்னால் உடன் சிரிக்க முடியவில்லை.

பையன் பள்ளிக்குத் திரும்பவில்லை. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினான், கணக்கில் போய்விட்டது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய வெல்டர் பிரிவு தொழிற்பயிற்சி நிலையத்தில் இருக்கிறது என்று அழைத்துப் போனேன். பார்த்துவிட்டு வந்து, யோசிக்கிறேன் என்றான். இப்போது தண்ணீர் கேன் போடும் வண்டியில் போகிறான். வெள்ளிக்கிழமைகளில் மருத்துவமனைக்கு ஒழுங்காகப் போகிறான், பல நாள் நானும் கூடப் போகிறேன், வழியில் அதிகம் பேசுவதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

பயிற்சி வகுப்பு முடிந்த மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மின்தூக்கி ஓடவில்லை, ஆறு மாடி ஏறிப் போனேன். அவள் இப்போது எட்டாம் வகுப்பு. தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்த நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேனா என்று கேட்டாள். எதற்கு என்றேன். "அதுல இன்னும் பதிமூணு பக்கம் இருக்கு மிஸ். கணக்கு போட்டுப் பாக்க நோட்டு தீந்துடுச்சு," என்றாள். எழுதியிருந்த பக்கங்களைக் கிழித்து என்னிடம் வைத்துக்கொண்டு, மீதியைக் கொடுத்தேன்.